நியாண்டர் மனிதன் வழக்கு

மனிதன் எங்கிருந்து வந்தான் என்னும் கேள்வி நமது தேசத்தில் அவ்வப்போது பொதுமேடைகளில் எழுந்து, சிறிது காலம் உரக்கப் பேசப்பட்டு, ஒரு முடிவுக்கும் வராமல் அடங்கிவிடுகிறது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மத்திய அரசாங்கத்தின் கல்வி இலாகாவைச் சேர்ந்த ராஜாங்க மந்திரி ஒருவர், டார்வின் பண்டிதரின் கொள்கை சாஸ்திர ரீதியாகத் தவறென்றும், குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் சொன்னதுமில்லை, எழுதிவைத்ததுமில்லை என்றும் பேசினார். தேசத்தின் மூன்று விஞ்ஞான அகாடமிகளும் ஒன்றுகூடி அறிக்கை வெளியிட்டு அதனை மறுத்தன. பின்னர் 2023-இல், மத்திய பாடநூற் சபையார் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புஸ்தகத்திலிருந்து பரிணாமத்தைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டனர். விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800 பேருக்கு மேல் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் இருக்கின்றதே என்பது சபையாரின் சமாதானம். பத்தாம் வகுப்போடு உயிர்நூலைக் கைவிடும் பிள்ளைகள் லக்ஷக்கணக்கானவர் என்பதை அவர்கள் அறியாதவரல்லர்.

கண்ணாற் கண்ட சாக்ஷி இல்லை என்பதன்றோ மந்திரியாரின் ஆட்சேபம்? நியாயஸ்தலங்களிற் பழகியவர்கள் இதனைக் கேட்டுப் புன்னகை செய்யாமலிருப்பது அரிது. நள்ளிரவில் பூட்டிய வீட்டினுள் நடந்த கொலைக்கு நேர்சாக்ஷி எங்கிருந்து வரும்? ரத்தக்கறை, கால்தடம், உடைந்த பூட்டு, அடகுக் கடையில் அகப்பட்ட நகை என்னும் சந்தர்ப்ப சாக்ஷியங்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பொருந்தி, வேறோர் அனுமானத்துக்கு இடங்கொடாமல் நிற்குமாயின் ஜட்ஜு தீர்ப்புச் சொல்லத் தயங்குவதில்லை. கண்ணாற் கண்டேன் என்று கூண்டில் ஏறுகிறவன் பொய் சொல்லக்கூடும்; எலும்பு பொய் சொல்லாது. எலும்பை வைத்துக்கொண்டு பொய் சொன்ன மனிதர் உண்டு; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

குரங்கே மனிதனாயிற்று என்று சொல்வதும் பிழையான வாசகம். இன்று மரத்தில் தாவும் குரங்கு நமக்குப் பாட்டனுமன்று, பூட்டனுமன்று. வேண்டுமானால் தூரத்துப் பங்காளி எனலாம். ஆப்பிரிக்காவிலுள்ள சிம்பன்ஸி என்னும் வாலில்லாக் குரங்கின் கிளையும் நமது கிளையும் ஓர் அடிமரத்திலிருந்து பிரிந்து அறுபது, எழுபது லக்ஷம் வருஷங்கள் ஆயின என்பர். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டுவதில்லை. சுமார் 40,000 வருஷங்களுக்கு முன்வரை ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் ஜீவித்திருந்து, பின் மறைந்துபோன ஒரு கூட்டத்தாரைப் பற்றிய விவகாரத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். 1856 முதல் நடந்துவரும் இவ்வழக்கில் பலமுறை தீர்ப்பாகியிருக்கிறது. பலமுறை தீர்ப்பு ரத்தாகியுமிருக்கிறது. வாதி பிரதிவாதி இருவரில் ஒருவன் வாய் திறந்து பேசமுடியாதவன் என்பதே இவ்வழக்கின் விசேஷம்.

ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃப் நகருக்கு அருகில் நியாண்டர் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. 1856-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளிகள் ஒரு சிறு குகையைச் சுத்தம் செய்கையில் மண்ணோடு மண்ணாய்க் கிடந்த எலும்புகளை வாரி வெளியே எறிந்தார்கள். குகைக்கரடியின் எலும்பென்று கருதப்பட்ட அவை புல்ராட் என்னும் பள்ளிக்கூட ஆசிரியரிடம் வந்து சேர்ந்தன. பார்த்த மாத்திரத்தில் அவர் அவை மனித எலும்புகள் என்றும், ஆனால் நம் காலத்து மனிதனுடையவை அல்ல என்றும் கண்டுகொண்டார். மண்டையோட்டின் மேற்பாகமும், கைகால் எலும்புகளும், பிறவுமாக மொத்தம் 16 துண்டுகள். புருவத்தின்மேல் தாழ்வாரம்போல் நீண்டு தடித்த எலும்பு. பின்னோக்கிச் சாய்ந்த நெற்றி. கனத்த தொடை எலும்பு. பான் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷாஃப்ஹௌஸன் என்னும் சரீர சாஸ்திரியுடன் சேர்ந்து புல்ராட் 1857-இல் இதனை உலகுக்கு அறிவித்தார். டார்வினுடைய பெருநூல் வெளிவந்தது 1859-இல்தான் என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. கொள்கைக்கு ஏற்றபடி எலும்பைத் தேடினார்கள் என்று சொல்லுவோர்க்கு இந்தத் தேதிகளே விடை.

உடனே எதிர்க்கட்சி கிளம்பிற்று. அதே பான் நகரத்து மாயர் என்பவர், இது 1814-இல் நெப்போலியனைத் துரத்திவந்த ருஷ்யப் படையிலிருந்து பிரிந்து, நோயுற்று, குகையில் ஒதுங்கி மாண்ட கஸாக் குதிரைவீரனின் எலும்பென்று வாதித்தார். தொடை எலும்பு வளைந்திருப்பது குதிரைச் சவாரியின் பலனாம். சாகுந்தறுவாயிலிருந்தவன் செங்குத்தான பாறையில் ஏறி, உடுப்பையும் ஆயுதத்தையும் எங்கோ போக்கிவிட்டு, தன்மேல் தானே மண்ணையும் மூடிக்கொண்டான் போலும்! பெர்லினில் மகா கீர்த்தி பெற்றிருந்த வைத்தியராகிய விர்ஷோ 1872-இல் அவ்வெலும்புகளைச் சோதித்து, நோயினாலும் காயத்தினாலும் உருமாறிய சாதாரண மனிதனின் எலும்புகளே என்றார். அவர் வாக்குக்கு இருந்த செல்வாக்கினால் ஜெர்மனியில் விவகாரம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

இது நிற்க. இவ்வழக்கில் நம்மவர் கவனிக்கத்தக்க ஒரு வாதம் அயர்லாந்திலிருந்து வந்தது. கால்வே கலாசாலையில் பூமிநூற் பேராசிரியராயிருந்த வில்லியம் கிங் என்பார் 1863-இல் நியூகாஸில் நகரிற் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான மகாநாட்டில் ஒரு வியாசம் படித்தார். நியாண்டர் எலும்பு நம் இனத்தாருடையதன்று, தனியோர் இனத்தாருடையது என்று கூறி, 'ஹோமோ நியாண்டர்தாலென்ஸிஸ்' என்று நாமகரணமும் செய்தார். மறைந்துபோன மனிதக் கூட்டமொன்றுக்கு விஞ்ஞான முறைப்படி தனி இனப்பெயர் சூட்டியது அதுவே முதல் தடவை. அந்தப் பெயர் இன்றளவும் நிலைத்திருக்கின்றது. ஆனால் அவர் காட்டிய காரணங்களைப் படிப்போர்க்கு மனம் கொதியாதிராது.

1864-இல் அச்சான அவ்வியாசத்தில் அவர் மண்டையோட்டின் அளவுகளைச் சொல்லியதோடு நின்றாரில்லை. அந்த மண்டைக்குள் குடியிருந்த எண்ணங்கள் விலங்கின் எண்ணங்களுக்கு மேற்பட்டிரா என்றும் முடிவு கட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் யாது? அந்தமான் தீவுகளின் பூர்வகுடிகள்! அவர்களுக்கு ஈசுவரனைப் பற்றிய ஞானம் மிக மங்கலாகவே உண்டென்றும், கூர்மதியுள்ள மிருகங்களுக்கு அவர்கள் சிறிதே மேற்பட்டவர்கள் என்றும் முதலில் சொல்லி, நியாண்டர் மண்டையோடு அவர்களுடையதைக் காட்டிலும் குரங்குக்கு நெருங்கியது, ஆகவே அதற்குரியவனுக்கு அந்த மங்கலான ஞானமும் இருந்திராது என்று அனுமானித்தார்.

அந்தமான் தீவை ஆங்கில சர்க்கார் பிடித்துத் தண்டனைக் குடியேற்றம் ஏற்படுத்தியது 1858-இல். 1857-ஆம் வருஷத்து யுத்தத்தில் அகப்பட்ட நம்மவர்களே அங்கு முதலிற் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள். தங்கள் காடு அழிவதைக் கண்ட பூர்வகுடிகள் 1859-ஆம் வருஷம் மே மாதம் அபெர்தீன் என்னுமிடத்தில் வில்லும் அம்புங்கொண்டு துப்பாக்கியை எதிர்த்து நின்று மடிந்தார்கள். அதன்பின் ஐந்து வருஷத்துக்குள், அவர்கள் மிருகத்துக்குச் சற்றே மேலானவர்கள் என்று வியாசம் எழுதப்படுகின்றது. நிலம் பறித்தவர்களும் மண்டை அளந்தவர்களும் ஒரே காலத்தவர், ஒரே ராஜ்யத்தார். ஆயிரக்கணக்கினராயிருந்த மகா அந்தமானியர் குடியேற்றம் கொணர்ந்த நோய்களால் அழிந்து இன்று சில பத்துப் பேராகச் சுருங்கி நிற்கின்றனர். நியாண்டர் மனிதன் மனிதனா என்ற கேள்வி ஐரோப்பியப் பண்டிதரின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கக்கூடாமைக்கு இதுவே காரணம். மனிதன் என்னும் சொல்லின் எல்லையைச் சுருக்க எடுத்த கோல், இறந்தவனை அளந்த கையோடு உயிருள்ளவனையும் அளந்துவிட்டது.

விநோதமான சங்கதி ஒன்று. இந்தப் பேராசிரியரின் புதல்வர், தந்தையின் பெயரையே தரித்த வில்லியம் கிங், அக்காலத்தில் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகத்திலிருந்தார். அவருடைய சகாவாகிய ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து ஆதிமனிதன் கையாற் செதுக்கிய கற்கோடரியை எடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இருவருமாகக் கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரப்பாக்கத்தில் அத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டார்கள். தந்தை வடகடலோரத்து மகாநாட்டில் ஆதிமனிதனுக்குப் புத்தியில்லை என்று வாதித்த அதே ஆண்டில், மைந்தன் நமது திருவள்ளூர்ச் சீமையில் ஆதிமனிதனுடைய புத்தியின் வேலைப்பாட்டைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்!

ஐரோப்பாவில் வழக்கு எவ்வாறு போயிற்றென்று பார்ப்போம். 1886-இல் பெல்ஜியத்தில் ஸ்பை என்னுமிடத்துக் குகையில், அதே தாழ்வாரப் புருவமுள்ள இரண்டு எலும்புக்கூடுகள், கற்கருவிகளோடும் அழிந்துபோன மிருகங்களின் எலும்புகளோடும் ஒரே அடுக்கில் அகப்பட்டன. ஒருவனுக்கு நோய் என்றால் நம்பலாம். தேசத்துக்குத் தேசம் எல்லார்க்கும் ஒரே விதமாக மண்டை உருமாறும் நோய் உண்டோ? விர்ஷோவின் வாதம் அத்துடன் சாய்ந்தது. ஆனால் அடுத்த அநீதி காத்திருந்தது. 1908-இல் பிரான்ஸில் லா ஷப்பெல் என்னும் கிராமத்தில் ஏறக்குறைய முழு எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. பாரிஸ் பண்டிதராகிய மார்ஸலென் பூல் அதனை ஆராய்ந்து, கூன் விழுந்தவன், முழங்காலை நிமிர்த்தி நடக்கமாட்டாதவன், மந்தபுத்தியுள்ளவன் என்று சித்திரித்தார். உலகெங்கும் பத்திரிகைகளில் தடியூன்றிய மிருகப்பிராயமான உருவமாக நியாண்டர் மனிதனை வரைந்தது அதன்பின்தான். 1957-இல் ஸ்ட்ராஸ், கேவ் என்னும் இருவர் அவ்வெலும்புகளை மறுபடி சோதித்தபோது, அந்த மனிதனுக்கு முதுகெலும்பில் கடுமையான மூட்டுவாதம் இருந்தமை வெளியாயிற்று. ஒரு நோயாளிக் கிழவனைப் பார்த்து ஒரு குலத்தையே கூன் என்று எழுதிவிட்டார்கள்!

அந்தக் கிழவனுக்குப் பற்கள் பெரும்பாலும் விழுந்துவிட்டிருந்தன. ஈராக் தேசத்து ஷானிதார் குகையில் 1957-இல் ரால்ஃப் ஸொலெக்கி கண்ட மற்றொருவனுக்கு வலக்கை சூம்பி, முன்கை அற்று, இடக்கண் பக்கத்து எலும்பு நொறுங்கி, காலும் ஊனமாயிருந்தது. அக்காயங்கள் பட்டபின்னும் அவன் பல ஆண்டுகள் பிழைத்திருந்தான் என்பதை ஆறிய எலும்பே காட்டுகின்றது. வேட்டையாடிப் பிழைக்கும் கூட்டத்தில், ஒற்றைக் கையும் குருட்டுக் கண்ணுமுள்ளவன் தானே இரை தேடி உயிர் வாழ்ந்திருப்பானா? யாரோ அவனுக்குச் சோறிட்டார்கள். பனியில் அவனை விட்டுப் போகாமல் கூட அழைத்துப் போனார்கள். விலங்கின் எண்ணத்துக்கு மேற்படாதவர்கள் என்று கிங் பண்டிதர் எழுதியது இவர்களைப் பற்றித்தான்.

எலும்பை வைத்துப் பொய் சொன்ன கதைக்கு வருவோம். 1912-இல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்னுமிடத்தில் ஆதிமனிதனின் மண்டை அகப்பட்டதென்று விளம்பரமாயிற்று. பெரிய மூளை, குரங்குத் தாடை. மனிதன் இங்கிலாந்திலேயே உற்பவித்தான் என்று அத்தேசத்துப் பண்டிதரிற் பலர் பூரித்துப்போயினர். தென்னாப்பிரிக்காவில் ரேமண்ட் டார்ட் 1925-இல் வெளியிட்ட டாவுங் குழந்தையின் மண்டையை அவர்கள் நெடுங்காலம் மதியாமைக்கு இந்தப் பில்ட்டவுன் மயக்கம் ஒரு காரணம். 1953-இல் ரசாயன சோதனை செய்தபோது, மனித மண்டையோடு ஒராங்உட்டான் தாடையைச் சேர்த்து, பல்லை அரத்தால் ராவி, சாயம் பூசிய போலி என்பது ருசுவாயிற்று. கள்ளப் பத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களும் விஞ்ஞானிகளே, எதிர்க்கட்சியார் அல்லர். நாற்பது வருஷம் அது செல்லுபடியானதற்குக் காரணம் அவர்களுடைய தேசாபிமானமே. இத்தகைய அபிமானம் நமக்கு வேண்டாம். தசாவதாரத்திலேயே மீன் முதல் மனிதன் வரை பரிணாமம் சொல்லியாயிற்று, டார்வின் சொல்ல என்ன இருக்கிறது என்று 2019-ஆம் ஆண்டு விஞ்ஞான காங்கிரஸ் மேடையிலேயே ஒரு சர்வகலாசாலைத் துணைவேந்தர் பேசினார். புராணம் புராணமாயிருக்கட்டும், அதற்கு அதன் மேன்மை உண்டு. அதனைச் சாக்ஷிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்துவது பக்தியுமாகாது, விஞ்ஞானமுமாகாது.

இவ்வழக்கில் புதிய ருசு வந்தது 1997-இல். ஸ்வான்டே பேபோ என்னும் ஸ்வீடன் தேசத்தவரும் அவர் சகாக்களும், 1856-இல் தொழிலாளிகள் வாரி எறிந்த அதே எலும்பிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து, அதிலிருந்த டி. என். ஏ. என்னும் மரபுப்பொருளின் ஒரு பகுதியைப் படித்தார்கள். தாய்வழியாக மட்டும் இறங்கும் பகுதி அது. இன்றுள்ள மனிதர் எவரிடத்தும் அத்தகையது இல்லை. ஆகவே நியாண்டர் மனிதனுக்கும் நமக்கும் ரத்தபந்தமில்லை என்று பலர் தீர்மானித்துவிட்டார்கள். தாய்வழித் தஸ்தாவேஜு ஒன்றை மட்டும் பார்த்து முழுப் பாகப்பிரிவினையையும் முடிவு செய்வது போன்றது இது. 2010-இல் குரோவேஷியா தேசத்து விந்தியா குகை எலும்புகளிலிருந்து மரபணுத் தொகுதியின் பெரும்பகுதி படிக்கப்பட்டது. மண்ணிலுள்ள கிருமிகளின் டி. என். ஏ. ஒருபுறம், எலும்பைத் தொட்டவர்களின் டி. என். ஏ. மற்றொருபுறம், இவற்றை விலக்கி, பொடிப்பொடியான துண்டுகளைக் கோத்தெடுத்த அவ்வேலையின் கஷ்டம் சொல்லி முடியாது. அதன் பயனாகத் தெரிந்தது யாதெனின், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மனிதர் எல்லாருடைய மரபணுவிலும் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு நியாண்டர் மனிதனிடமிருந்து வந்தது என்பதே. ஆப்பிரிக்கரிடம் அறவே இல்லை என்று முதலில் சொன்னதும் 2020-இல் திருத்தப்பட்டது. அவர்களிடத்தும் சிறிது உண்டு. பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாயாதி என்று நினைத்தவன் சம்பந்தியுமானான்! ருமேனியாவில் ஓயாஸே குகையில் அகப்பட்ட, சுமார் 40,000 வருஷத்துக்கு முற்பட்ட ஒரு தாடையெலும்புக்காரனுக்கு நான்கு முதல் ஆறு தலைமுறைக்குள் ஒரு நியாண்டர் மூதாதை இருந்ததாகத் தெரிகிறது. ஸைபீரியாவில் டெனிஸோவா குகையில் கிடைத்த விரலெலும்பின் டி. என். ஏ. 2010-இல் மூன்றாவதாக ஒரு கூட்டத்தாரை வெளிப்படுத்திற்று. அதே குகையில், தாய் நியாண்டர் குலமும் தந்தை டெனிஸோவர் குலமுமான ஒரு பெண்ணின் எலும்புத் துணுக்கு 2018-இல் அறியப்பட்டது. 1933-இல் சீனாவில் ஹார்பின் நகரில் பாலம் கட்டிய தொழிலாளி ஒருவர் ஒரு மண்டையோட்டைக் கண்டு, ஜப்பானியர் கையிற் சிக்காதபடி கிணற்றில் ஒளித்துவைத்தார் என்று அவர் குடும்பத்தார் கூறுவர். அது டெனிஸோவருடையதே என்பது 2025-இல் துலங்கிற்று.

அப்படியாயின் நியாண்டர் மனிதன் தனி இனமா, நம் இனமா? கூடிப் பெற்ற பிள்ளை மறுபடி பிள்ளை பெறுமாயின் இரண்டும் ஓரினமே என்பது ஒரு கட்சி. எதிர்க்கட்சியாருக்கும் பலமான ருசு உண்டு. நமது எக்ஸ் என்னும் பால்நிர்ணயக் குரோமோஸோமில் நியாண்டர் பங்கு மிக அருகியிருக்கின்றது. கலப்பிற் பிறந்த ஆண்களில் பலர் சந்ததியற்றுப் போயிருக்கலாம் என்பதற்கு இது அடையாளம். எலும்பமைப்பிலும் காதின் உள்ளெலும்பு வரை வேற்றுமை காணப்படுகிறது. எமது அபிப்பிராயம் யாதெனின், சுமார் ஐந்தாறு லக்ஷம் வருஷங்களுக்கு முன் பிரிந்து, முற்றிலும் வேறாகுமுன் மறுபடி சந்தித்துக்கொண்ட இரு கிளைகளுக்கு நடுவே இயற்கை எல்லைக்கல் நட்டுவைக்கவில்லை. கல் நடுகிறவர்கள் பண்டிதர்கள். சௌகரியத்துக்காக நடட்டும்; அந்தக் கல்லை வைத்து மனிதத் தன்மையைப் பட்டா போட்டுக் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கிங் பண்டிதர் வைத்த பெயரை ஒப்புக்கொண்டு, அவர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிடலாம்.

பூர்வீகச் சொத்தோடு வில்லங்கமும் வருவதுண்டு. 2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, மூன்றாவது குரோமோஸோமிலுள்ள ஒரு துண்டு உடையவர்களுக்கு நோய் கடுமையாவது அதிகம் என்று கண்டார்கள். ஸீபர்க் என்பவரும் பேபோவும் அத்துண்டு நியாண்டர் மனிதனிடமிருந்து வந்ததென்று ஸ்தாபித்தார்கள். ஐரோப்பாவில் நூற்றுக்கு 16 பேரிடம் உள்ள அது, தென்னாசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கின்றது. அதே துண்டு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கச் சிறிது உதவுகின்றது என்று ஸீபர்க் 2022-இல் தெரிவித்தார். இதனைப் படித்துவிட்டு, 2021-இல் ஆஸ்பத்திரி வாயில்களில் பிராணவாயு கிடைக்காமல் மாண்டவர்களின் சாவுக்கு நியாண்டர் மனிதனைப் பொறுப்பாளியாக்க எந்த அதிகாரியும் முயல வேண்டாம்.

அத்திரப்பாக்கத்துக்குத் திரும்புவோம். சாந்தி பப்பு அம்மையாரும் சகாக்களும் அங்கு நடத்திய அகழாய்வில், அடியடுக்குக் கருவிகள் சுமார் 15 லக்ஷம் வருஷத்துக்கு முற்பட்டவை என்று 2011-இல் கணித்தார்கள். கைக்கோடரியை விட்டு நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துச் செய்யும் புதிய முறை அங்கே சுமார் 3,85,000 வருஷங்களுக்கு முன் தொடங்கிவிட்டது என்று 2018-இல் வெளியிட்டார்கள். செய்தவர் யார்? நம் இனத்தார் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்படுவதற்கு நெடுங்காலம் முற்பட்ட தேதி அது. கல் கிடைத்த அளவுக்கு எலும்பு கிடைக்கவில்லை. பாரத பூமியில் அகப்பட்ட பழைய மண்டையோடு என்று சொல்லத்தக்கது 1982-இல் நர்மதைக் கரையில் ஹத்நோரா கிராமத்தருகே அருண் ஸோனாகியா கண்டெடுத்தது ஒன்றே. அதனை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பதென்று இன்னும் வாதம் நடக்கின்றது. நமது வெயிலும் மழையும் டி. என். ஏ.யை எளிதில் வைத்திருப்பதில்லை. எனினும் குகைகளின் வெறும் மண்ணிலிருந்தே மறைந்த மனிதரின் டி. என். ஏ.யைப் பிரித்தெடுக்கும் முறை 2017 முதல் கைவந்திருக்கின்றது. அந்த முறையைக் கற்று, அடுத்த குழியை நர்மதையிலோ கொசஸ்தலையாற்றிலோ தோண்டப்போகிறவர்கள், இப்பொழுது பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.